எடோவின் நாடகத் தெருக்கள்: மரஅச்சுப் படங்களை எப்படிப் பார்ப்பது?

ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே வரைந்து, மரக்கட்டையில் செதுக்கித் தாளில் அச்சடித்த 'சருவக்கா-மச்சி இரவுக் காட்சி' என்ற படத்தைப் பார்த்த ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். அந்தத் தெரு எங்கே இருந்தது, எப்படி நாடகத் தெரு ஆனது? இத்தகைய பழைய ஜப்பானியப் படங்களை வரலாற்றுச் சான்றாக நம்பலாமா? இவற்றை இன்று எங்கே பார்க்கலாம்?

இரண்டாவது கேள்விக்கு முதலில் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். நம்பலாம், ஆனால் புகைப்படத்தை நம்புவதுபோல நம்பக் கூடாது. இவை கடையில் தொங்கவிட்டு விற்ற சரக்கு. ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் 16 மோன் காசுக்குக் கிடைத்த காலத்தில், ஒரு வண்ணத் தாள் ஏறத்தாழ 20 மோனுக்கு விற்றது. எந்த நாடகத்தை ஒட்டி, எந்த நடிகரின் ரசிகருக்காக அச்சடித்தார்கள் என்பதற்கான தடயம் பெரும்பாலும் அந்தத் தாளிலேயே இருக்கும். அரசின் தணிக்கை முத்திரையும் பல தாள்களில் உண்டு. ஓவியத்தின் அழகில் லயிப்பதற்கு முன்னால் இந்தத் தடயங்களைப் படித்துவிட்டால், எடோ நகரத்து நாடகத் தெருக்களின் இருநூற்றைம்பது ஆண்டுக் கதையை இந்தப் படங்களே சொல்லிவிடும்.

எடோ என்பது இன்றைய டோக்கியோ. அங்கே கபுகி என்ற ஜப்பானிய மரபு நாடகத்தின் கொட்டகைகள் இருந்த இடம் ஒன்றல்ல. 1624-ல் சருவக்கா கன்சபுரோ என்பவர் தொடங்கிய நாகாமுரா கொட்டகை இரண்டு முறை இடம் மாறி, 1651-ல் சக்காய்ச்சோ என்ற தெருவில் நிலைகொண்டது. அதை ஒட்டிய ஃபுகியாச்சோவில் இச்சிமுரா கொட்டகை. இந்த இரண்டு தெருக்களும் இன்றைய நிங்யோச்சோ பகுதியில் வருகின்றன. சற்றுத் தள்ளி, இன்றைய கின்சாவின் ஓரத்தில், கொபிகிச்சோவில் மோரிட்டா கொட்டகை. அதே பகுதியில் யாமாமுரா என்ற நான்காவது கொட்டகையும் இருந்தது. நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் தாய்க்குப் பணிவிடை செய்த எஜிமா என்ற உயர்நிலைப் பெண் அதிகாரி, 1714-ல் கோயிலுக்குப் போன வழியில் அங்கே நாடகம் பார்த்து, நடிகர்களோடு விருந்தில் உட்கார்ந்துவிட்டார். அவரை மலைநாட்டுக்கும், இகுஷிமா என்ற நடிகரைத் தீவுக்கும் நாடுகடத்தினார்கள். கொட்டகையையே இல்லாமல் செய்துவிட்டார்கள். அதன் பிறகு எடோவில் அரசு உரிமம் பெற்ற பெரிய கொட்டகைகள் மூன்றுதான்.

உரிமம் என்று சொன்னேன் அல்லவா, அது படத்தில் கண்ணுக்குத் தெரியும். கொட்டகை முகப்பின் கூரைமேல் நாலு பக்கமும் துணி சுற்றிய ஒரு சதுரக் கூண்டு நிற்கும். அதற்கு யகுரா என்று பெயர். பக்கத்துக்கு ஒன்பது ஷாக்கு, அதாவது கிட்டத்தட்ட 2.7 மீட்டர். உச்சியில் ஈட்டிகளை வரிசையாக நட்டிருப்பார்கள். உள்ளே முரசு இருக்கும், விடியலில் அதை அடித்து ஊரைக் கூப்பிடுவார்கள். யகுரா கட்டுவதே அரசின் அனுமதி பெற்ற கொட்டகை என்பதற்கு அடையாளம். அதைச் சுற்றிய துணியில் அந்தக் கொட்டகையின் சின்னம் பெரிதாக இருக்கும். ஜின்கோ இலை என்றால் நாகாமுரா, நார்த்தம்பழம் போன்ற தச்சிபானா என்றால் இச்சிமுரா, புளியாரை இலை என்றால் மோரிட்டா.

இதற்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. நாகாமுரா கொட்டகையின் பழைய சின்னம் கொக்கு. அப்போதைய ஷோகுன் சுனயோஷியின் மகள் பெயரில் கொக்கைக் குறிக்கும் எழுத்து இருந்ததால், 1688 வாக்கில் அந்த எழுத்தையும் உருவத்தையும் பொதுமக்கள் பயன்படுத்தத் தடை வந்தது. கொட்டகையும் கொக்கை விட்டு ஜின்கோ இலைக்கு மாறியது. எனவே 17-ஆம் நூற்றாண்டுப் படம் ஒன்றில் யகுராவில் கொக்கு இருக்கிறதா, இலை இருக்கிறதா என்று பார்த்தாலே, அது தடைக்கு முந்தைய காட்சியா பிந்தையதா என்று ஊகிக்க முடியும். ஒரு துணியில் இருக்கும் கை அகலச் சின்னம் படத்தின் காலத்தை நெருக்கிக் காட்டிவிடுகிறது. இந்தப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்ததே இப்படிப்பட்ட இடங்கள்தான்.

மேடைத் திரையும் இதேபோலத் துணை செய்யும். மூன்று கொட்டகைகளின் திரையும் நெடுங்கோடு போட்டதுதான், நிறம்தான் வேறு. கறுப்பும் காவிப் பழுப்பும் மூன்றுக்கும் பொது. மூன்றாவது நிறம் வெள்ளையாக இருந்தால் அது நாகாமுரா. பச்சை வந்தால் இச்சிமுராவோ மோரிட்டாவோ, கோடுகளின் வரிசையைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். இன்றைய கபுகிசா அரங்கம் பயன்படுத்துவது மோரிட்டாவின் கோடுகளை.

இனி படங்களைக் காலவரிசையில் பார்க்கலாம்.

ஆரம்பகாலப் படங்கள் அச்சல்ல, கையால் தீட்டிய மடிப்புத் தட்டிகள். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில், ஹிஷிகாவா மொரோனோபு தீட்டியதாகக் கருதப்படும் ஆறு மடிப்புத் தட்டிகள் இரண்டு இருக்கின்றன. நாகாமுரா கொட்டகையின் வாசல் கூட்டம், மேடை ஆட்டம், நடிகர்கள் அலங்காரம் செய்துகொள்ளும் உள்ளறை, பக்கத்துத் தேநீர் விடுதியின் விருந்து என்று எல்லாவற்றையும் கூரையைக் கழற்றிவிட்டு மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்திருக்கிறார்கள். தட்டி வாங்குகிறவர் பணக்காரர். கொட்டகைக்குப் போய் வந்த முழு நாளையும் வீட்டுக் கூடத்தில் விரித்து வைத்துக்கொள்ள விரும்பியவர். அதனால்தான் அதில் எல்லாம் இருக்கிறது, எல்லாமே மகிழ்ச்சியாகவும் இருக்கிறது.

அச்சுத் தாள் சாமானியருக்கானது. அதற்கு வழி திறந்தது தோரி குடும்பம். ஒசாகாவில் பெண்வேட நடிகராகவும் கொட்டகை விளம்பரப் பலகை எழுதுகிறவராகவும் இருந்த தோரி கியோமோட்டோ, 1687-ல் மகன் கியோனோபுவோடு எடோவுக்கு வந்தார். வாசலில் மாட்டும் பெரிய பலகைகளை அந்தக் குடும்பமே வரைந்தது. தெருவின் எதிர்க்கோடியிலிருந்து பார்த்தாலும் இன்னார் வீரவேடம் கட்டியிருக்கிறார் என்று தெரிய வேண்டும். அதற்காகக் கால் தசையைச் சுரைக்காய்போல இறுக்கிப் புடைக்க வைத்து, கோட்டை மண்புழு நெளிவதுபோலத் தடித்தும் மெலிந்தும் இழுத்தார்கள். அதே கைத்திறன்தான் அச்சுத் தாளுக்கும் வந்தது. பலகைகள் மழையிலும் தீயிலும் போய்விட்டன, தாள்கள் பிழைத்தன. எனவே 1700-ஐ ஒட்டிய தோரி தாள் ஒன்றைப் பார்க்கும்போது, காணாமல்போன வாசல் பலகையின் சாயலையும் சேர்த்தே பார்க்கிறோம். கபுகிக்குப் பலகை வரையும் வேலையைத் தோரி வழி நம் காலம்வரை விடவில்லை.

அடுத்த பெரிய திருப்பம் 1740-ஐ ஒட்டி நடந்தது. ஒகுமுரா மசனோபு என்பவர் ஐரோப்பிய பெர்ஸ்பெக்டிவ் முறையை எடுத்துக்கொண்டு, தூரம் போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும் கொட்டகை உட்புறத்தைப் பெரிய தாள்களில் அச்சிட்டார். இந்த வகைக்குத் தானே மூலவர் என்று தாளிலேயே போட்டுக்கொண்டார். எடோவின் நாடக வரலாற்றை அறிய ஒரே ஒரு வகைப் படம்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். தட்டிகள் கொட்டகையை மேலிருந்து காட்டின. மசனோபு நம்மைக் கூட்டத்துக்குள் உட்கார வைத்துவிடுகிறார்.

அந்தத் தாள்களில் என்னென்ன தெரிகிறது? இரு பக்கமும் இரண்டு அடுக்குப் பெட்டி இருக்கைகள், நடுவில் தரையில் நெருக்கியடித்த கூட்டம், அதற்குள் புகுந்து தின்பண்டம் விற்பவர்கள். கூட்டத்தின் ஊடே இடப்பக்கமாக மேடைக்குப் போகும் ஹனமிச்சி என்ற நடைமேடை. பாதிப் பேர் மேடையைப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். கொட்டகைக்கு மேலே கூரை இருக்கிறது, அதற்குக் கீழே மேடைக்கென்று தனியாக இன்னொரு கூரையும் இருக்கிறது. கபுகி திறந்தவெளியில், அதைவிடப் பழைய 'நோ' என்ற நாடக வகையின் மேடையைப் பின்பற்றி ஆடிய காலத்தின் மிச்சம் அது. பார்வையாளர் தலைக்குமேல் முழுக் கூரை வந்து, 1720-களில் தீத்தடுப்புக்காக ஓடு வேய்ந்த கட்டடமாக மாற்றச் சொல்லி அரசு உத்தரவிட்ட பிறகும், மேடைக் கூரை நெடுநாள் போகவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அதை எடுத்தார்கள். அதனால் உட்புறப் படத்தில் மேடைக்கூரை இருக்கிறதா என்பதும் காலக்குறிப்புதான்.

ஆனால் இங்கேயே எச்சரிக்கையும் வேண்டும். பெர்ஸ்பெக்டிவ் ஆழத்தை மிகைப்படுத்தும். உத்தரங்களும் பக்கத்துப் பெட்டிகளும் ஒரு புள்ளியை நோக்கி ஓடும்போது, உண்மையில் இருந்ததைவிடக் கொட்டகை நீளமாகத் தோன்றும். வாங்குகிறவருக்கு அந்த வியப்புதான் வேண்டியிருந்தது. இருக்கை அமைப்பு, பெயர்ப் பலகை, திரை, விற்பனையாளர் ஆகியவற்றுக்கு மசனோபுவை நம்பலாம். அளவுகோல் வைத்துக் கட்டடத்தின் நீளத்தைக் கணக்கிடப் போகக் கூடாது.

வாசல் காட்சிகளில் பார்க்க வேண்டியது கதவு. சாமானியர் நுழையும் வாசல், குனிந்துதான் போக முடியும் என்ற அளவுக்குத் தாழ்வாக இருக்கும். எலிக்கதவு என்பது அதன் பெயர். டிக்கெட் இல்லாமல் யாரும் நழுவிப் போகாமல் தடுக்க அந்த ஏற்பாடு. பணம் உள்ளவர்கள் அந்தப் பக்கமே வருவதில்லை. தெருவில் வரிசையாக இருக்கும் நாடகத் தேநீர் விடுதிகளில் இறங்கி, உடை மாற்றி, அங்கிருந்து நேராகப் பெட்டி இருக்கைக்குப் போய்விடுவார்கள். சாப்பாடும் அங்கிருந்தே வரும். நாடகம் விடியலில் தொடங்கிப் பொழுது சாயும்வரை நடக்கும், ஆகவே இந்த விடுதிகள் இல்லாமல் தெருவே ஓடாது. படங்களில் விளக்குக் கூடுகள் தொங்கும் வீடுகளை வெறும் பின்னணி என்று கடந்துவிடாதீர்கள். கொட்டகையின் வருமானத்தில் பெரும்பங்கு அந்த வீடுகள் வழியாகத்தான் வந்தது.

ஆண்டின் பதினோராம் மாதத்தில் கொட்டகைகள் புதிய நடிகர் ஒப்பந்தங்களோடு தொடங்கும். இந்த ஆண்டு எங்களிடம் இன்னார் என்று முகம் காட்டும் நிகழ்ச்சி அது, பெயர் கவோமிசே. அந்த மாதத்துப் படங்களில் வாசலுக்கு முன்னால் நெல் மூட்டையும் சாக்கே என்ற அரிசி மதுவின் பீப்பாயும் மலைபோல அடுக்கியிருக்கும். ரசிகர்களும் வணிகர்களும் நடிகருக்கு அனுப்பிய வரிசைப் பொருள்கள் அவை. தெருவில் நிற்க இடமிருக்காது. 1834-க்கும் 1836-க்கும் இடையில் வெளியான எடோ நகரத் தல வழிகாட்டி நூலில் ஹசேகாவா செத்தான் வரைந்த சக்காய்ச்சோ, ஃபுகியாச்சோ காட்சி இருக்கிறது. அந்தத் தெருக்கள் அதே இடத்தில் இருந்த கடைசி ஆண்டுகளின் படம் அது. அப்போது யாருக்கும் அது தெரியாது.

அதற்கு முன் நடிகர் முகங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோரி தாள்களில் எல்லா நடிகருக்கும் ஏறக்குறைய ஒரே முகம், பெயரையும் சின்னத்தையும் பார்த்துத்தான் ஆளைப் பிரிக்க வேண்டும். 1765 வாக்கில் பல கட்டைகள் வைத்து முழு வண்ணத்தில் அச்சடிக்கும் முறை வந்தது. 1770-ல் கத்சுகாவா ஷுன்ஷோவும் இப்பித்சுசாய் புன்சோவும் சேர்ந்து, விசிறி வடிவத்துக்குள் நடிகர் முகங்களை வரைந்த ஒரு நூலை வெளியிட்டார்கள். இன்னார் மூக்கு, இன்னார் தாடை என்று அடையாளம் தெரியும் முகங்கள். ரசிகர்கள் வேறு எதைக் கேட்பார்கள்! அதன் பிறகு பொதுவான முகத்துக்குச் சந்தையில் இடமில்லை.

ஷராகு வருவது இந்த வழியில்தான். 1794-ன் ஐந்தாம் மாதத்தில் ட்சுத்தாயா ஜூசபுரோ என்ற பதிப்பாளர், கறுத்த மைக்கா பளபளக்கும் பின்னணியில் 28 மார்பளவுப் படங்களை ஒரே வீச்சில் இறக்கினார். வரைந்தவர் பெயர் ஷராகு. அடுத்த பத்து மாதத்தில் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன, பிறகு ஆளே காணோம். அவர் யார் என்ற புதிரைப் பற்றி எழுதித் தள்ளியிருக்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. நாடகத் தெருவின் வரலாற்றுக்கு முக்கியமானது வேறு. அந்தப் படங்களில் வரும் கொட்டகைகளின் பெயர்களைப் பாருங்கள்: மியாக்கோ, கிரி, கவராசாக்கி. நாகாமுராவும் இல்லை, இச்சிமுராவும் இல்லை, மோரிட்டாவும் இல்லை!

காரணம் கடன். 1793 முடிவதற்குள் மூன்று பெரிய கொட்டகைகளும் திவாலாகி, உரிமத்தை மாற்று நிர்வாகிகளுக்கு விட்டுக்கொடுத்திருந்தன. அப்படி மாற்றாக நிற்பதற்கென்றே சில குடும்பங்கள் இருந்தன. நடிகர் சம்பளம் ஆயிரம் ரியோ தங்கம்வரை ஏறியிருந்தது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தீ வந்து கட்டடத்தைத் தின்றது, ஆடம்பரத்துக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. ஜப்பானிய நாடகப் படங்களிலேயே உச்சம் என்று உலகம் கொண்டாடும் தாள்கள், நாடகத் தெரு கடனில் மூழ்கிக் கிடந்த ஆண்டில் பிறந்தவை. படத்தைப் பார்த்தால் அது தெரியாது. படத்தோடு கொட்டகைப் பெயரையும் சேர்த்துப் படித்தால் தெரியும்.

ஷராகுவின் தாள்களை மாதம்வரை துல்லியமாகச் சொல்ல முடிவது எப்படி என்று பலர் கேட்பார்கள். ஒவ்வொரு நாடகத்துக்கும் யார் யார் என்னென்ன வேடம் என்று அச்சிட்ட பட்டியல்கள் அந்தக் காலத்திலேயே விற்றன, நிறையப் பிழைத்திருக்கின்றன. நடிகரின் உடையில் இருக்கும் சின்னத்தை வைத்து ஆளையும், உடையையும் கையிலிருக்கும் பொருளையும் வைத்து வேடத்தையும் கண்டுபிடித்து, இரண்டையும் பட்டியலோடு பொருத்தினால் நாடகமும் மாதமும் கிடைத்துவிடும். கல்வெட்டு படிக்கிறவர்களின் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது சருவக்கா-மச்சி. 1841-ன் பத்தாம் மாதம் சக்காய்ச்சோ பகுதியில் பிடித்த தீயில் நாகாமுரா, இச்சிமுரா இரண்டும் பக்கத்துப் பொம்மலாட்டக் கொட்டகைகளும் சாம்பலாயின. அப்போது ஆட்சியில் இருந்தவர் மூத்த அமைச்சர் மிசுனோ தடாகுனி. சிக்கனமும் ஒழுக்கமும் என்று நாடெங்கும் கெடுபிடி செய்துகொண்டிருந்தார். எரிந்ததே நல்லது என்று கபுகியையே ஒழித்துவிடும் பேச்சு எழுந்தது. நகர நீதிபதி தோயாமா காகெமோட்டோ அதை எதிர்த்தார். கடைசியில் ஒழிக்கவில்லை, ஊருக்கு வெளியே தள்ளினார்கள். அசகுசாவின் வடகிழக்கில் ஒரு பிரபுவின் புறநகர் மாளிகை இருந்த நிலத்தைக் கொடுத்து, 1842-ல் அதற்குச் சருவக்கா-மச்சி என்று பெயர் வைத்தார்கள். முதல் கொட்டகையைத் தொடங்கிய கன்சபுரோவின் பெயர் அது. முதல் வட்டத்தில் நாகாமுரா, இரண்டாவதில் இச்சிமுரா. கொபிகிச்சோவில் மோரிட்டாவுக்கு மாற்றாக நடந்த, தீயே படாத கவராசாக்கி கொட்டகையையும் விடவில்லை, 1843-ல் மூன்றாவது வட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

நடிகர்கள் அந்தப் பகுதிக்குள்ளேயே குடியிருக்க வேண்டும், வெளியே போனால் முகம் மறைக்கும் பின்னல் தொப்பி போட வேண்டும் என்று விதி. மேடையில் நிஜக் கவசம் அணிந்தார், வீட்டில் ஆடம்பரமாக வாழ்ந்தார் என்று ஏழாம் இச்சிகாவா டான்ஜூரோவை 1842-ல் எடோவிலிருந்தே வெளியேற்றினார்கள். அதே ஆண்டு நடிகர் படங்களை அச்சிடத் தடை வந்தது. தெருவின் பிழைப்பிலும் கை வைத்தாயிற்று, அதன் படத்திலும் கை வைத்தாயிற்று.

தடையின் கீழ் பதிப்பாளர்களும் ஓவியர்களும் செய்ததுதான் இந்த வரலாற்றிலேயே சுவையான பகுதி. குனியோஷி என்ற ஓவியர் 1848 வாக்கில் ஒரு வரிசைப் படங்களை வெளியிட்டார். கிடங்குச் சுவரில் யாரோ ஆணியால் கிறுக்கிய மாதிரி கோணல்மாணலான முகங்கள், நடுவில் ஆட்டம் போடும் பூனை. இது நடிகர் படம் இல்லையே, சுவர்க் கிறுக்கல்தானே! ஆனால் எடோவில் நாடகம் பார்க்கிற எந்தக் கடைப் பையனும் ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் சொல்லிவிடுவான். இன்னொரு தாளில் ஆமைகளுக்கு நடிகர் முகத்தை மாட்டினார். தணிக்கை முத்திரையோடுதான் இவை கடைக்கு வந்தன. அதன் பிறகு தடை தளர்ந்து நடிகர்கள் திரும்ப வந்தபோதும், 1850-களின் தாள்களில் நடிகர் பெயர் இருக்காது, வேடத்தின் பெயர் மட்டும் இருக்கும். பெயரில்லாத இந்த வழக்கமே அந்தத் தாள்கள் எந்தக் காலத்தவை என்று காட்டிக்கொடுக்கிறது.

குனிசடா என்கிற மூன்றாம் தோயோகுனி என்ற ஓவியரின் தாள்களை ஆராயும்போது கூடுதல் கவனம் வேண்டும். அந்தக் காலத்தில் நடக்காத நாடகங்களையும் வரைந்தார்கள். இன்ன நடிகர் இன்ன வேடம் போட்டால் எப்படி இருக்கும் என்ற ரசிகர் கனவுக்கு ஒரு தாள். செத்துப்போன நடிகரையும் உயிரோடு இருப்பவரையும் பக்கத்தில் நிறுத்தி ஒரு தாள். நடக்கப்போகும் நாடகத்துக்கு முன்கூட்டியே அச்சடித்து, கடைசி நேரத்தில் நடிகர் மாறிவிட்டால் கட்டையில் முகத்தை மட்டும் குடைந்தெடுத்துப் புது மரத்துண்டு பொருத்தி, வேறு முகம் செதுக்கியதும் உண்டு. எனவே ஒரு நடிகர் ஒரு வேடத்தில் நிற்கும் தாள் கிடைத்ததாலேயே அவர் அதை நடித்தார் என்று எழுதிவிடக் கூடாது. பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எழுத வேண்டும்.

தணிக்கை முத்திரையைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன், வீட்டில் இருந்தபடியே நீங்களும் பழகலாம். 1790-லிருந்து 1842 வரை 'கிவாமே' என்ற ஒற்றை எழுத்து வட்டமாக இருக்கும். 1843-லிருந்து சோதித்த அதிகாரியின் பெயர் முத்திரை, 1847-லிருந்து 1852 வரை அப்படி இரண்டு. 1852-லிருந்து ஆண்டும் மாதமும் குறிக்கும் முத்திரை சேர்ந்துவிடும். ஆண்டை எலி, எருது, புலி என்று பன்னிரண்டு விலங்குகளில் ஒன்றாகவும், மாதத்தை எண்ணாகவும் போட்டிருப்பார்கள். ஹிரோஷிகேயின் இரவுக் காட்சியில் இருப்பது டிராகன் ஆண்டு, ஒன்பதாம் மாதம். அதாவது 1856.

அந்த மாதம் ஏன் முக்கியம்? ஏறத்தாழ பதினொரு மாதங்களுக்கு முன், 1855 நவம்பர் 11 இரவில், பெரும் நிலநடுக்கம் எடோவை உலுக்கியது. தொடர்ந்து வந்த தீயில் சருவக்கா-மச்சி முழுவதும் போயிற்று. ஹிரோஷிகே வரைந்திருப்பது அதற்குப் பிறகு எழும்பிய தெருவை. வலப்பக்கம் யகுராக்களோடு கொட்டகைகள் நிற்கின்றன. அவற்றில் முன்னால் இருப்பது, பல ஆண்டுகளாகக் கவராசாக்கிக்கு உரிமத்தை விட்டிருந்து, அந்த 1856-ல்தான் திரும்பத் திறந்த மோரிட்டா. இடப்பக்கம் தேநீர் விடுதிகள். மசனோபு பழக்கிய அதே பெர்ஸ்பெக்டிவ், தெரு நேராக உள்ளே ஓடுகிறது. மேலே முழுநிலா, தரையில் ஒவ்வொருவர் காலடியிலும் நிழல். நிழல் வரைவது ஜப்பானிய அச்சுப் படங்களில் அபூர்வம், ஹிரோஷிகேயிடமும் அபூர்வம்தான். தீ பயத்தால் இரவு நாடகத்துக்கு அனுமதி கிடையாது. ஆகவே இவர்கள் நாடகத்துக்குப் போகும் கூட்டமாக இருக்க முடியாது. ஆட்டம் முடிந்த பிறகு விடுதிகளுக்கும் வீட்டுக்கும் நடக்கிறவர்கள் என்றுதான் நான் படிக்கிறேன். நிலநடுக்கத்தின் சுவடு ஒன்றுகூடப் படத்தில் இல்லை. தெரு மீண்டுவிட்டது என்பதுதான் அந்த மாதம் விற்பனைக்கு வந்த செய்தி.

இதே ஆண்டுகளின் இன்னொரு வகைத் தாளையும் சொல்லாமல் விட மனமில்லை. 1854-ல் எட்டாம் டான்ஜூரோ, பெண்களின் கனவு நாயகன், ஒசாகாவில் தற்கொலை செய்துகொண்டார். எடோவில் உடனே அஞ்சலித் தாள்கள் கொட்டின. இன்று நமக்குத் தெரிந்தவையே நூற்றுக்கும் மேல். புத்தர் பரிநிர்வாணம் அடைந்த காட்சிபோல நடிகர் படுத்திருக்க, சுற்றிலும் பெண்கள் அழுவதுபோல ஒரு வகை. அவசரத்தில் அடித்ததால் பலவற்றில் பதிப்பாளர் பெயரும் இல்லை, தணிக்கை முத்திரையும் இல்லை. அந்த முத்திரை இல்லாமையே, அன்று கடைகள் எவ்வளவு வேகத்தில் ஓடின என்பதற்குச் சாட்சி.

சருவக்கா-மச்சியின் ஆயுள் அதிகமில்லை. ஷோகுன் ஆட்சி விழுந்ததும், கட்டுப்பாடு போனதும், பன்னிரண்டாம் மோரிட்டா கன்யா தன் கொட்டகையை 1872-ல் நகர நடுவில் ஷின்டோமிச்சோவுக்குக் கொண்டுபோனார். ஷின்டோமிசா என்று பெயர் மாறிய அது 1878-ல் கேஸ் விளக்குகளோடு புதிதாகத் திறந்தது. திறப்பு விழாவில் நடிகர்கள் மேல்நாட்டு கோட் போட்டு நின்றார்கள், இரவு ஆட்டமும் பிறகு சாத்தியமாயிற்று. நாகாமுரா 1884-ல் போய்விட்டது, இச்சிமுரா 1892-ல். இடையில் 1889-ல் பழைய கொபிகிச்சோவில் கபுகிசா எழுந்தது. இந்த இருபது ஆண்டுகளின் படங்களில் வானத்து நீலத்தையும் நிலாவையும்விட ரசாயனச் சிவப்பும் ஊதாவும் கத்தும். பலருக்கு அது பிடிக்காது. எனக்கு ஓவியர் குனிச்சிகாவின் மூன்று தாள் படங்கள் மிகவும் பிடிக்கும், மூன்று தாளையும் ஒரே நடிகரின் முகமும் சட்டையும் நிறைக்கும். நடிகர் புகைப்படங்கள் விற்பனைக்கு வந்துவிட்ட காலத்தில், புகைப்படத்தால் முடியாததைச் செய்து காட்ட வேண்டும் என்ற பிடிவாதம் அதில் இருக்கிறது.

அந்தக் காலத்து மிகப் பெரிய நாடகப் படம் தாளில் இல்லை, துணியில் இருக்கிறது. 1880-ல் கவனாபே கியோசாய் ஷின்டோமிசாவுக்காக வரைந்த திரை, 17 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம். அன்றைய முன்னணி நடிகர்கள் எல்லாரையும் பேய் பிசாசுகளாக வரைந்து, நாலு மணி நேரத்தில் முடித்துவிட்டார். டோக்கியோவின் வசேதா பல்கலைக்கழக நாடக அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூன்றாவது கேள்விக்கும் அங்கிருந்தே தொடங்கலாம். 1928-ல் நிறுவிய அந்த அருங்காட்சியகத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நாடக அச்சுப் படங்கள் உள்ளன, இணையத்தில் தேடிப் பார்க்கலாம். கியோட்டோவின் ரித்சுமெய்கான் பல்கலைக்கழகத்தின் தரவுத்தளமும், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் தொகுப்பும் இணையத்திலேயே கிடைக்கும். தேடும்போது ஓவியர் பெயரைவிடக் கொட்டகைப் பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடுங்கள். முதலில் மசனோபுவின் உட்புறத் தாள் ஒன்றை எடுத்துப் பெரிதாக்கி, மேடைக்கூரை, திரைக்கோடு, பெயர்ப்பலகை மூன்றையும் கண்டுபிடியுங்கள். பிறகு 1850-களின் தாள் ஒன்றில் விலங்கு ஆண்டு முத்திரையை வாசித்துப் பழகுங்கள். டோக்கியோ போனால், பழைய சருவக்கா-மச்சி இருந்த இடம் இன்று அசகுசா 6-ஆம் வட்டம். கொட்டகைகள் எதுவும் இல்லை, தெருப்பெயரைச் சொல்லும் கல் மட்டும் இருக்கிறது. கபுகி பார்க்க வேண்டுமென்றால் கின்சாவில் உள்ள கபுகிசாவுக்குப் போங்கள். இப்போது இருப்பது 2013-ல் திறந்த ஐந்தாவது கட்டடம். விழா மாதங்களில் அதன் முகப்பின்மேல் யகுரா ஏற்றுவார்கள்.